கோதுமைப் பத்தியம்

எனக்கு விசா உறுதியான அன்றுதான் எங்கள் வீட்டில் எனக்குச் சோறு போடுவது நின்றது.

நிறுத்தியவர் மாமு, அம்மாவின் தம்பி. நாலு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எங்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் அரபு நாட்டைப் பற்றி மரக்காணத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவரே தேடிப்போய்ச் சொல்வார். ஏஜென்ட் அனுப்பிய கடுதாசியை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“அங்க சோறுன்னு ஒண்ணைக் கண்ணால பாக்க முடியாதுக்கா. மூணு வேளையும் குபூஸ்தான். நம்ம ரொட்டி மாதிரி, ஆனா இத்தாம் பெருசு இருக்கும். நம்ம பசங்க சோத்து வயித்தோட ஏரோப்ளேன் ஏறிடுறானுங்க. பத்து நாள்ல வயித்தைப் புடிச்சிக்கினு திரும்பி வர்றானுங்க. இவன் அப்படி வரக்கூடாது. இன்னிலேர்ந்தே பழக்கு.”

எண்பதுகளின் கடைசி அது. மழை முடிந்து உப்பளங்களில் பாத்தி கட்டத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கோணிக் கடை. பழைய கோணிகளை வாங்கி, ஒட்டுப் போட்டு, உப்பு மூட்டை பிடிக்க விற்பதுதான் தொழில். புதுச்சேரியில் பி.ஏ. முடித்துவிட்டு வந்த நான் அந்தக் கோணிகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜூலையில் மெட்ராஸில் மெடிக்கல். சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கப் பார்ப்பார்கள். தேறினால் ஏரோப்ளேன், தேறாவிட்டால் கோணி. கோணித் தூசியைத் தின்றே கிழவனாக எனக்கு விருப்பமில்லை. எப்படியாவது போய்விட வேண்டும் என்று உயிரே துடித்தது. இதை நான் அன்றும் மறைக்கவில்லை, இன்றும் மறைக்கப் போவதில்லை. மறைத்தது வேறொன்று.

பயிற்சி அன்று ராத்திரியே தொடங்கியது. நாஷ்டாவுக்குப் பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் பரோட்டா. பகலில் சப்பாத்தி. சாயங்காலம் டீயோடு பன். ராத்திரி ரொட்டி. வெள்ளிக்கிழமை ஜும்மா நாள் என்பதால் கொஞ்சம் சலுகை காட்டி சேமியா பிரியாணி. மாமு எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். நான் ரொட்டியைப் பிய்க்கும் விதம் அவருக்குப் பிடிக்காது. அரபிகள் இப்படிப் பிய்க்க மாட்டார்களாம்.

முதல் வாரம் வயிறு உப்பியது. இரண்டாவது வாரம் கொல்லைப்புறத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். “வயிறு பழகுது” என்றார் மாமு. மூன்றாவது வாரத்தில் நாலு கிலோ இளைத்துப் போனேன். அதுவும் நல்லதுதானாம், ஏரோப்ளேனில் எடை பார்ப்பார்களாம். பிற்பாடு அங்கே போய் இறங்கிய முதல் நாளே பார்த்தேன்: அரபிகள் தாம்பாளம் தாம்பாளமாகச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். மாமு நாலு வருடம் எங்கேதான் இருந்தார் என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குத்தான் முற்றியது.

எனக்கு அத்தனை ரொட்டியும் சுட்டுப் போட்டவள் அக்கா. அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். கோட்டக்குப்பத்தில் கட்டிக் கொடுத்தோம். இரண்டாவது வருடமே முழங்கையிலும் முட்டியிலும் முதுகிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக வந்து, சொறிந்து சொறிந்து தோல் கறுத்துப் போயிற்று. மாமியார் அவளை யாரோ ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். மீன், இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய், எல்லாவற்றையும் அவர் தள்ளச் சொன்னார். அரிசிச் சோறு புண்ணில் நீர் கோக்கும், அதையும் விடு, கோதுமை ரவைக் கஞ்சி மட்டும் குடி என்று பத்தியம் எழுதினார். ஆறு மாதம் ஆகியும் கொப்புளம் போகவில்லை. அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். கூப்பிட யாரும் வரவில்லை. ஒரு வருடம் கழித்து தலாக் வந்தது, கூடவே மாப்பிள்ளையின் இரண்டாவது கல்யாணச் செய்தியும் வந்தது.

அவளுக்கு வந்தது குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தட்டைப் பிரித்துவிட்டோம். வெள்ளிக்கிழமையும் பெருநாளும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தத் தட்டில் அக்கா கை வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அடுப்படி ஓரத்தில் ஓர் அலுமினியத் தட்டு, ஓர் அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சி. எனக்கு ரொட்டி மாவு பிசைய மட்டும் அவள் கை ஆகும். ஒரே தட்டில் வைக்கத்தான் ஆகாது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பி.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை.

மார்ச் மாதம் எனக்கு அரிப்பு வந்தது.

முதலில் இரண்டு முழங்கையிலும். ஒரு கையில் எங்கே வந்ததோ அதே இடத்தில் மறு கையிலும், அளந்து வைத்தாற்போல. பிறகு முட்டி. பிறகு உட்காரும் இடம். அதைப் பற்றி அதிகம் எழுத முடியாது, ஆனால் உட்காரவும் முடியவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீக்கங்கு பட்டதுபோல எரியும், பிறகு அரிக்கும், சொறிந்தால் கொப்புளம் உடைந்து நீர் வரும், நீர் காய்ந்தால் மறுபடி அரிக்கும். கோணி தைக்கும் ஊசியால் சொறிந்திருக்கிறேன். கதவு நிலையில் முதுகைத் தேய்த்து நிலையில் வார்னிஷ் போனது.

எங்கள் ஊரில் எது கெட்டாலும் குற்றவாளி தயாராக இருக்கிறது. சைக்கிள் செயின் துருப்பிடித்தால் உப்புக்காற்று. சுவரில் காரை பெயர்ந்தால் உப்புக்காற்று. முடி கொட்டினால், பரீட்சையில் தோற்றால், மருமகள் எதிர்த்துப் பேசினால் எல்லாம் உப்புக்காற்றுதான். என் முழங்கையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஈரக் கோணியில் ஊறிய உப்பு உடம்பில் ஏறிவிட்டது என்று அத்தா தீர்ப்புச் சொன்னார். என்னைக் கடைக்கு வர வேண்டாம் என்று வீட்டிலேயே உட்காரவைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன வேலை? ரொட்டி தின்பதுதான்.

இந்த ஊரில் சரியாகப் பேசிய ஒரே ஆள் உப்பளத்தில் வேலை செய்த ஓர் அம்மா. இருபது வருடமாக உப்புநீரில் நின்று வாரிக்கொண்டிருப்பவர். நான் கடைக்குப் போன கடைசி நாளில் கிழிந்த கோணி வாங்க வந்தவர் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, தன் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“உப்பு அரிச்சா இங்கதான்பா அரிக்கும். நாங்க அதுலயே நிக்கிறோம், எங்க முழங்கை நல்லாத்தான் இருக்குது. உனக்கு எப்படி அங்க வந்துது? நீ இன்னா உப்பளத்துல கால்ல நடந்தியா, முழங்கையில நடந்தியா?”

எல்லோரும் சிரித்தோம். அதற்கு மேல் அதை யோசிக்கவில்லை. படிக்காத அம்மா, என்னவோ சொல்கிறது என்று அத்தா கோணியை மடித்துக் கொடுத்தார்.

நான் வீட்டோடு இருக்கிறேன் என்ற செய்தி பரவியதும் பார்க்க வர ஆரம்பித்தார்கள். உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா? நம்மூரில் நோயாளிக்கென்றே படைக்கப்பட்ட பொருள் பிரெட். நல்லா இருக்கிறவன் பிரெட் தின்றால் என்னப்பா உடம்புக்கு என்று விசாரிப்பார்கள். பெரியத்தா வீட்டிலிருந்து இரண்டு பாக்கெட் பிரெட். பக்கத்து வீட்டிலிருந்து பன். பள்ளிவாசல் தெருவிலிருந்து ரஸ்க். எக்கியார்குப்பத்தில் அத்தாவுக்கு வேண்டியவர் ஒருவர், வழக்கமாக வஞ்சிரத்தோடு வருகிறவர், அரிப்புக்கு மீன் ஆகாது என்று தானே தீர்மானித்து அன்றைக்கு மால்ட் பாட்டில் ஒன்றோடு வந்தார். மேசை மேல் ஒரு பேக்கரியே உருவாயிற்று. வீணாக்கக் கூடாது என்று அம்மா பாலில் தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். தின்னத் தின்ன அரித்தது. அரிக்க அரிக்கப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஏப்ரலில் அம்மா பயந்துபோனாள். அக்காவின் முழங்கையையும் என் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து எனக்கும் அக்காவின் பத்தியம். அதாவது பரோட்டாவும் பன்னும் போதாதென்று காலையில் ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி. அடுப்படி ஓரத்தில் என் தட்டையும் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த முதல் நாள் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் வேளை அது. நான் சிரிக்கவில்லை. அவளைப் போல ஆகிவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. என் புத்தி அன்று அவ்வளவுதான்.

கடைசியில் மாமுதான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு. மாமு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவருக்கு அரபு நாட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். நான் உள்ளே போனேன். டாக்டரம்மா என் சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு முழங்கையையும் சேர்த்துப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“வயிறு எப்படி இருக்கு?”

தோலைக் காட்ட வந்தவனிடம் வயிற்றைக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. சொன்னேன். உப்புசம், போக்கு, இளைப்பு, வாயில் அடிக்கடி புண். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். என்ன சாப்பிடுகிறாய் என்றார். பயிற்சியின் முழுப் பட்டியலையும் ஒப்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அரிக்கிறது தோல்ல. ஆனா வியாதி குடல்லன்னு எனக்குத் தோணுது. சில பேரு குடலுக்குக் கோதுமை ஆகாது. உள்ள இருக்கிற சண்டை சிலருக்கு வயித்தால போகும், சிலருக்கு ரத்தம் குறையும், சிலருக்கு இப்படித் தோல்ல கொப்புளமா வெளிய வரும். அரிசி சாப்பிடுற ஊர்ல இதை யாரும் நினைச்சுப் பாக்க மாட்டாங்க. அதுக்காக அரிக்கிறவன் எல்லாருக்கும் கோதுமைதான்னு ஊர்ல போய்ச் சொல்லிடாதே. சொறி, படைன்னு எது வேணா இருக்கலாம். தோல்ல ஒரு துண்டு எடுத்து அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும்.”

துண்டு எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம், முடிவு வந்திருந்தது. அவர் சந்தேகப்பட்டது சரிதான். அரிப்பை அடக்க ஒரு மாத்திரை எழுதினார். “இது அரிப்பைத்தான் நிறுத்தும். குடல் ஆறணும்னா கோதுமையை விடணும். மைதா, ரவை, சேமியா, பிரெட், பார்லி, மால்ட், ஒண்ணும் ஆகாது. சோறு சாப்பிடு, மீன் சாப்பிடு” என்றார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. பிறகு கேஸ் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

“இது குடும்பத்துல வர்றது. உன் வீட்டுல வேற யாருக்காவது இதே மாதிரி இருக்கா?”

இந்த இடத்தில்தான் நான் யார் என்பது தெரிந்தது. பேனா சீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. குடும்ப வியாதி என்று அதில் ஏறிவிட்டால், அந்தச் சீட்டு எப்படியோ மெட்ராஸுக்குப் போய் மெடிக்கல்காரன் மேசையில் உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கால் முளைக்காது என்பது தெரியாத பி.ஏ.

“இல்லைங்க” என்றேன்.

“அக்கா, தங்கச்சி?”

“எனக்கு அக்கா தங்கச்சியே கிடையாதுங்க.”

எழுதிக்கொண்டார். வெளியே வந்தேன். மாமு பெஞ்சுக்காரரிடம் குபூஸின் விட்டத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

மாத்திரை போட்ட நாலாவது நாள் அரிப்பு நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. நான் கதவு நிலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பழக்கத்தில் முதுகு சாயும், ஆனால் தேய்க்க ஒன்றும் இருக்காது. சோறு கேட்டேன். மாமு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாலு மாதப் பயிற்சி பாழ். “உப்பு அலர்ஜின்னு டாக்டர் சொல்லிட்டாங்க, மாத்திரைக்கு ரொட்டி ஆகாதாம்” என்று வீட்டில் ஒரு கதை சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவளைப் பார்த்தால் குடும்ப வியாதி. எனக்கு ஜூலை முடிய வேண்டும். என் தட்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்குத் திரும்பியது, நான் கோணியைத் தொடாமல் கடைக் கல்லாவுக்குத் திரும்பினேன். அக்காவின் கிண்ணத்தில் கோதுமைக் கஞ்சி தொடர்ந்தது. அவள் அதை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். ஆறு வாரம் அப்படிச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று குழம்பு ருசியாகத்தான் இருந்தது.

மாட்டிக்கொண்டது மாத்திரையால். உப்பளத்துக் குடிசைகளுக்குச் சைக்கிளில் போய்க் குஷ்டத்துக்கு மாத்திரை கொடுக்கும் சுகாதார ஊழியர் ஒருவர் இருந்தார். மழைக்குச் சைக்கிள் சீட்டில் போடக் கோணி கேட்டு எங்கள் கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டி மேல் இருந்த என் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

“அட, நம்ம மாத்திரையாச்சே! யாருக்குங்க பாய்?”

அத்தாவின் முகத்தில் ரத்தமில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு என்னை வீட்டுக்கு இழுத்துப்போனார். ஊழியரும் பதறி, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா என் தட்டைத் தேடிக் கூடத்துக்குப் போனாள். பிரிப்பதற்குத்தான். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

“ஏம்மா தட்டைத் தூக்குறீங்க?” என்றார் ஊழியர். “குஷ்டத்துக்கே தட்டுப் பிரிக்கவேணாம்னு நானு வீடு வீடாப் போய்க் கத்திக்கினு இருக்கிறேன். யாரு கேக்குறீங்க?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாத்திரை இரண்டு வியாதிக்கும் கொடுப்பது. எனக்கு இருப்பது ஒட்டுகிற வியாதியே இல்லை. குடலுக்குக் கோதுமை ஆகவில்லை, அது தோலில் கொப்புளமாக வருகிறது. அவ்வளவுதான்.

“கோதுமையா?”

கேட்டது அக்கா. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் அந்தக் கிண்ணம். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், தன் முழங்கையைப் பார்த்தாள், பிறகு கொல்லைக்குப் போய்க் கஞ்சியைக் கோழிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

“எப்பத்திலேர்ந்து உனக்குத் தெரியும்?” என்றாள்.

“இப்பத்தான்... கொஞ்ச நாளா.”

“என்னைக் கூட்டிக்கினு போ.”

“மெடிக்கல் முடியட்டும்கா. மூணு வாரம்தான்.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு மூன்று வாரம் பெரிதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அன்று ராத்திரியே ஆறு வருடம் கழித்துச் சோறு தின்றாள். இறால் தொக்கோடு, அலுமினியத் தட்டில், அடுப்படி ஓரத்தில். அம்மா மாமுவைப் பார்த்தாள். மாமு, பெரிய டாக்டர் ஆணுக்குச் சொன்னது பெண்ணுக்கும் பொருந்துமா என்று பார்க்கவேண்டும் என்றார். அதனால் தட்டு அங்கேயே இருந்தது.

மெடிக்கல் மூன்று நிமிடத்தில் முடிந்தது. நாக்கை நீட்டு, இருமு, சட்டையைக் கழற்று. முதுகில் இருந்த கறுப்புத் தழும்புகளைக் காட்டி மெடிக்கல்காரன் என்ன இது என்றான். கொசு என்றேன். ஃபிட் என்று முத்திரை குத்தினான். அந்த முத்திரைக்காக நான் செய்ததையெல்லாம் நினைத்தால், அவன் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டு என்னைச் சோதித்திருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். புதுச்சேரி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோட்டக்குப்பம் வந்தபோது மட்டும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே டாக்டரம்மா. அக்காவின் முழங்கைகளைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனை வருஷமா என்றார். ஏழு என்றாள் அக்கா. என்ன சாப்பிட்டீங்க என்றார். கோதுமைக் கஞ்சி என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்தியருக்கு அது தெரியாது, தெரிந்து செய்யவில்லை என்று அக்காதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

“வீட்டுல வேற யாருக்காவது...”

“இதோ நிக்கிறானே, இவனுக்கு இருக்குது. என் தம்பி. நீங்கதான் பாத்தீங்களாம்.”

டாக்டரம்மா என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். “உனக்கு அக்காவே கிடையாதுன்னு சொன்னியேப்பா?”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் துப்பட்டியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். தோலில் துண்டு எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை சோறே சாப்பிடுங்க, ஏற்கெனவே கொஞ்சம் காய ஆரம்பிச்சிருக்கு, முழுசா ஆற மாசக்கணக்கா ஆகும் என்றார் டாக்டரம்மா.

“ஒரு சீட்டு எழுதித் தருவீங்களாம்மா?” என்றாள் அக்கா. “இது ஒட்டாதுன்னு.”

“யாருக்குக் காட்ட? மாமியார் வீட்டுக்கா?”

“அவங்க எனக்கு யாரு? எங்க வீட்டுக்குத்தான். அம்மா இருக்காங்க, அத்தா இருக்காங்க. இவனும் இருக்கான்.”

முடிவு வந்தபிறகு டாக்டரம்மா ஆஸ்பத்திரித் தாளில் நாலு வரி இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று வீட்டில் கூட்டம். இன்னும் ஐந்து நாளில் எனக்குப் பயணம். வழியனுப்பச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஏஜென்டின் ஆள் டிக்கெட்டோடு வந்திருந்தான். மாமு நடுவில் உட்கார்ந்து, பயிற்சி எப்படிப் பலித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பெரிய தட்டில் பிரியாணி வைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னாள். அக்கா வழக்கம்போல அடுப்படிக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்று தாளை என்னிடம் நீட்டினாள்.

“படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி தமிழ்ல படி.”

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்தேன். இவருக்கு இருப்பது கோதுமையால் வரும் வியாதி. இது தொழுநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது. இவர் எல்லோரோடும் ஒரே தட்டில் சாப்பிடலாம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தா நகர்ந்து உட்கார்ந்து தட்டருகே இடம் விட்டார். நான் தாளை மடித்தேன்.

“மடிக்காத” என்றாள் அக்கா. “டாக்டரம்மா நாலு வரி எழுதினாங்க, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ மூணுதான் படிச்ச.”

ஏஜென்டின் ஆள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். மாமு பார்த்தார். கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். தாளைப் பிரித்து, இவருடைய கூடப் பிறந்த தம்பிக்கும் இதே வியாதிதான் என்ற நாலாவது வரியையும் படித்தேன்.